எண்ணெய் திரும்பும் வழி

2024 ஆகஸ்ட் 10, சனி

எரு ஏற்றிய பெட்டியை மம்பட்டியால் வழித்து இறக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மாத்தளையில் ஒருவர் டிப்பர் பெட்டியை விற்கப் போகிறாராம். பின்னேரம் மச்சானோடு போய்ப் பார்த்தேன். தகடு பரவாயில்லை, அச்சு நேராக இருக்கிறது. சிக்கல் நம்முடைய குபோட்டா ட்ரக்டரில். 24 குதிரைவலு, ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த மிசின். மூன்று புள்ளி லிஃப்டைத் தூக்க எண்ணெய் உள்ளுக்குள்ளேயே சுற்றுகிறது, பின்பக்கம் ஹோஸ் மாட்ட ஒரு வாய்கூட இல்லை.

பெட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் ராமை அளந்தேன். உள்விட்டம் 80 மில்லிமீற்றர், ஓட்டம் 1 மீற்றர். முழுதாக நீட்ட 5 லீற்றர் எண்ணெய் வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 20 லீற்றர் தந்தால் 15 செக்கனில் பெட்டி நிமிர்ந்துவிடும். 150 பார் அழுத்தத்தில் ஏழரை டொன் வரை தள்ளும். ஆகவே வலுவுக்குக் குறைவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

கராஜ் பாஸிடம் ட்ரக்டரைக் காட்டினேன். அவர் கை மாஸி பெர்குசனில் பழகிய கை. "இதுல என்ன தம்பி இருக்கு, லிஃப்ட் மூடிக்கு மேல ஒரு பைப் எடுத்து, ஒரு டெப் வச்சா முடிஞ்சுது" என்றார்.

மாஸியில் அது நடக்கும். பழைய சாம்பல் நிற பெர்குசன் காலத்திலிருந்தே அப்படித்தான் செய்கிறார்கள்: லிஃப்ட் கைகளைச் சங்கிலியால் கட்டிப் போட்டு லீவரை உயர்த்தினால், எண்ணெய் பைப் வழியே பெட்டிக்குப் போகும். ஹாரி பெர்குசன் வால்வை பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் வைத்தார். வேலை இல்லாதபோது பம்புக்கு எண்ணெயே போகாது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே அந்தக் குடும்பத்து மிசின்களைத்தான் செய்தது. நம்மூர் வயலில் நிற்பதில் பாதிக்கு மேல் அதே வம்சம் என்று சொன்னாலும் தவறில்லை.

குபோட்டாவின் கதை வேறு. என்ஜின் பக்கத்தில் கியர் பம்ப் இருக்கிறது. என்ஜின் ஓடும் வரை எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்த முடியாது. புது வால்வை அந்த ஓட்டத்தின் நடுவில்தான் நுழைக்க வேண்டும். வால்வைத் தாண்டிய எண்ணெய் லிஃப்டுக்கும் போக வேண்டும், ராமிலிருந்து இறங்கும் எண்ணெய் தாங்கிக்கும் திரும்ப வேண்டும். அதாவது மூன்று வழி.

பாஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வலது மிதியடிக்குப் பக்கத்தில் இருந்த சதுரக் கட்டையைத் துடைத்துப் பார்த்தார். லோடருக்கு எண்ணெய் எடுக்கவென்று கம்பெனியே வைத்த இடம். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வும் அதிலேயே, புது வால்வுக்கு முன்னால் இருக்கிறது. அது பின்னால் இருந்திருந்தால் இன்னொன்று வாங்க வேண்டி வந்திருக்கும்.

ஆகஸ்ட் 14, புதன்

விடிய முன்னரே கொழும்புக்குப் புறப்பட்டேன். கண்டியில் பெரஹரா கூட்டம், பஸ்ஸில் ஒற்றைக் காலில் பயணம். பஞ்சிகாவத்தையில் நுழைந்தால் எந்த மிசினுக்கும் எதுவும் கிடைக்கும், கேட்கத் தெரிந்திருந்தால்.

முதல் கடைக்காரர் இரண்டு லீவர் வால்வு ஒன்றை எடுத்து வைத்து, "எல்லா ட்ரக்டருக்கும் பொருந்தும்" என்றார். வால்வைத் தாண்டிய எண்ணெயை லிஃப்டுக்குத் தனி வழியில் விடும் பவர் பியாண்ட் ஸ்லீவ் இருக்கிறதா என்று கேட்டேன். "அது தேவையில்லை, டாங்கி வாயிலிருந்தே லிஃப்டுக்குக் கொடுங்கள்" என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்படிக் கொடுத்தால் லிஃப்ட் சுமை தூக்கும் ஒவ்வொரு தடவையும் முழு அழுத்தமும் டாங்கி வாய்க்குத் திரும்பி ஏறும். அந்தப் பக்கம் அதைத் தாங்கச் செய்ததல்ல. ஓ-ரிங் பிதுங்கும், இல்லாவிட்டால் வார்ப்பிரும்பே வெடிக்கும்.

நாலு கடை தள்ளி ஒரு முதியவரிடம் ஸ்லீவோடு கிடைத்தது. ஒரு லீவர் டிப்பர் பெட்டிக்கான ஒருவழி, மற்றது இருவழி. புரி பார்க்க அவர் சீப்புப் போன்ற கேஜ் வைத்திருந்தார். எட்டில் மூன்று அங்குலச் சின்னப் புரியில் அமெரிக்க வகைக்கு அங்குலத்துக்கு 18 பல், பிரிட்டிஷ் வகைக்கு 19. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்றிலேயே இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். அரை அங்குலம்தான் ஆபத்து. இரண்டுக்கும் 14 பல், ஆனால் பல்லின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55. சுகமாக ஏறி, இறுகியது போலவும் இருந்து, பிறகு கசியும். அவர் கேஜை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இடைவெளியைக் காட்டினார். டெஃப்லான் டேப் சுற்றாதே, துணுக்கு வால்வுக்குள் போய்ச் சிக்கும், டவுட்டி வாஷர் போடு என்று கைநிறைய எண்ணிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17, சனி

வால்வை மட்கார்டுக்குப் பக்கத்தில் பூட்டினோம். திரும்பும் ஹோஸை எங்கே விடுவது என்பதில் மச்சானுக்கும் பாஸுக்கும் வாக்குவாதம். மச்சான், எங்காவது சின்ன ஹோஸாகச் சேர்த்தால் போதும் என்கிறான். உதாரணத்துக்கு உக்குவளை பவர்ஹவுஸைக் காட்டினேன். மகாவலித் தண்ணீர் பொல்கொல்லையிலிருந்து சுரங்கம் வழியாக 8 கிலோமீற்றர் அளவு வந்து டர்பைனைச் சுற்றுகிறது, 1976-இலிருந்து. வேலை முடிந்த தண்ணீர் சுது கங்கைக்குத் தடையில்லாமல் இறங்கினால்தான் சக்கரம் சுற்றும். வெளியேறும் வழியை நெரித்துவிட்டு மேலே எவ்வளவு தள்ளி என்ன பயன்? மச்சான் தலையாட்டினான், நம்பினானா தெரியாது.

திரும்பும் ஹோஸை மற்றதைவிடப் பெரிதாகவே போட்டோம். லேத் பட்டறையில் கடைந்த மூடி வழியாக கியர்பெட்டிக்குள் இறக்கி, உள்ளே ஒரு துண்டுக் குழாயும் வைத்தோம், எண்ணெய் மட்டத்துக்குக் கீழே முனை நிற்கும்படி. மேலிருந்து கொட்டினால் நுரைக்கும், நுரையை பம்ப் உறிஞ்சினால் லிஃப்ட் அதிரும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

போயா விடுமுறை. கடை, கராஜ் எல்லாம் பூட்டு. ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

பெட்டி வந்து சேர்ந்தது. மாட்டும் முன் ராமிலிருந்த எண்ணெயை வாளியில் வடித்தோம். தேங்காய்ப் பால் நிறம், அத்தனை தண்ணீர். இந்த மிசினில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் எண்ணெய் ஒன்றே. அதை அப்படியே இழுத்திருந்தால் பின் அச்சு வரை போயிருக்கும்.

வெயிலில் கிடந்த பெட்டியின் ஹோஸ் கப்ளருக்குள் போக மறுத்தது. உள்ளே எண்ணெய் சூட்டில் விரிந்து இறுகியிருந்தது. நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திக் கொஞ்சம் விட்டதும் டக்கென்று ஏறியது. என்ஜினைப் போட்டு லீவரை இழுத்தோம். பெட்டி நின்று நின்று, காற்று கழிந்தபின் ஒரே சீராக எழுந்தது. கேஜில் 40 பார்கூட இல்லை, வெறும் பெட்டிதானே. ஒரு முனையில் ஈரம் தெரிந்தது. மச்சான் விரலால் தடவப் போனான். பாஸ் கையைத் தட்டிவிட்டார். ஊசித் துளையில் பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், காயம் சின்னதாகத் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். கார்ட்போர்ட் துண்டைப் பிடித்துப் பார்த்தோம். பூட்டும்போது சிந்திய எண்ணெய்தான்.

ஆகஸ்ட் 24, சனி

எருவோடு முதல் நடை. பெட்டி உயர்ந்து நிற்கையில் எண்ணெய்க் குச்சியைப் பார்த்தேன். கீழ்க் கோட்டுக்கும் கீழே. 5 லீற்றர் வெளியே இருக்கிறதே. சரிவில் மூக்கு கீழே இருக்க நிறுத்தினால் பம்ப் காற்றை இழுக்கலாம். பக்கச் சரிவில் பெட்டியைத் தூக்கினால் அதற்கு முன்பே ட்ரெயிலர் கவிழ்ந்துவிடும். வரப்போரம் சமமாக வெட்டிய இடத்தில் மட்டும் கொட்டுவது என்று வைத்துக்கொண்டோம். பெட்டிக்குக் கீழே யாரும் குனிவதென்றால் முதலில் இரும்புக் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். அதை இன்றே வெல்ட் பண்ணிப் பெட்டியிலேயே தொங்கவிட்டாயிற்று.

இருவழி லீவர் மூடி போட்டபடி சும்மா இருக்கிறது. பின் ப்ளேடுக்கு ஒரு ராம் போட்டால் தோட்டத்துப் பாதையைச் சாய்த்து வெட்டலாம் என்று மச்சான் நச்சரிக்கிறான். மிளகு விற்கட்டும், பார்க்கலாம் என்றேன்.