பட்டி பூசிய கதவு

பழனியிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைப்பாதையின் வளைவொன்றில், எதிரே வந்த லாரி நம் காரின் வலப்புறக் கதவை நசுக்கிச் சென்றது. உயிருக்கு ஊறில்லை. பட்டறையில் பத்து நாள் கிடந்த கார், கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு பாலசமுத்திரம் திரும்பியது. ஒரு மழைக்காலம் கழியுமுன் கதவின் அடியில் வண்ணம் கொப்புளித்தது. தட்டினால் தகரத்தின் ஓசையில்லை. மண்சுவரின் மந்த ஓசை. காந்தத்தை வைத்தோம், ஒட்டாமல் விழுந்தது. தகரத்தைத் தட்டி நிமிர்த்தாமல், பள்ளத்தைப் பட்டியால் நிரப்பியிருந்தனர்! பட்டி கனத்தால் வெடிக்கும். வெடிப்பில் நீர் இறங்கித் துரு அரிக்கும்.

"மலைப்பனிக்கு வண்ணம் நிற்காது, சாமி" என்றார் பட்டறைக்காரர். அதே பனியில் நனைந்த மற்ற மூன்று கதவுகளுக்கு ஒன்றும் நேரவில்லையே!

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் நம் குடும்பத்தார்க்கே இதனை எழுதுகிறோம். ரசீதையும் நிழற்படங்களையும் பத்திரப்படுத்துங்கள். குறையை எழுத்தில் தெரிவியுங்கள். திருத்த மறுத்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய கூலி 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை; வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சொந்தப் பிழைப்புக்காக ஓட்டுபவரும் நுகர்வோரே.

நமக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. கடிதம் கண்டதும் பட்டறைக்காரர் கதவை மறுபடி பிரித்தார். இம்முறை அருகிலேயே நின்றோம். சுரண்டி எடுத்த பட்டி ஒரு சட்டி நிறைய இருந்தது.