செய்நிரலாளர்க்கு ஒரு கைந்நூல்

ஒரு துறையின் கோட்பாடுகளைக் கற்பிக்கும் நூல் வேறு. அத்துறையில் அன்றாடம் உழைப்போரின் கையருகே கிடந்து உதவும் நூல் வேறு. முன்னையது பரீட்சைக்குத் துணையாவது. பின்னையதன் பயனோ பரீட்சை முடிந்த பின்னரே தொடங்குகிறது. கணினிச் செய்நிரலாளர்க்கென இவ்விரண்டாம் வகை நூலொன்றைத் தமிழில் எழுத முற்பட்டுள்ளேன். அம்முயற்சியிடையே எழுந்த எண்ணங்கள் சிலவற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

ஆங்கிலத்தில் இத்தகைய நூல்களுக்குக் குறைவில்லை. கேணிகன், பிளாகர் என்போர் 1974இலும், ஹன்ற், தோமஸ் என்போர் 1999இலும் எழுதிய நூல்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை மொழிபெயர்த்தாற் போதாதா என நண்பர்கள் வினவுவதுண்டு. போதாது என்பதற்கு நம் ஊர்ப் பெயரே சான்று. 'யாழ்ப்பாணம்' என்பதில் எழுத்துகள் ஆறு. யுனிக்கோட் முறையிலோ அச்சொல் 11 குறியீடுகளாகப் பதிவாகின்றது. இறுதிக் குறியீடு மகரத்தின் மேலுள்ள புள்ளி. பத்துக் குறியீடுகளுக்கே இடம் வைத்த படிவத்தில் நம் ஊர் 'யாழ்ப்பாணம' ஆகிவிடும். குறியீட்டு எண்ணின்படி ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தினால், மல்லாகத்துக்கு முன்னர் மன்னார் வந்து நிற்கும். நமது நெடுங்கணக்கிலோ லகரத்தின் பின்னரே னகரம். 'கொ' என்னும் எழுத்தை இரு வேறு குறியீட்டுத் தொடர்களாற் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கணினிக்கு வெவ்வேறாவது இதனாலேயே.

எழுத்தோடு இடர் முடிவதில்லை. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம், தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் நம்மவரிடம் தந்தையின் பெயரையே மகனுக்குச் சூட்டிவிடும். ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்த தேசிய அடையாள அட்டை இலக்கம் 2016இல் 12 இலக்கங்களாயிற்று. பழையனவும் வழக்கில் நீடிப்பதால் செய்நிரல் இரண்டையும் ஏற்க வேண்டும். பிற நாட்டார் நூலில் இவற்றுக்கு இடமிராமை இயல்பே.

இவற்றை அறிந்தோர் நம்மிடை இல்லாமலில்லை. ஆயினும் அவ்வறிவு அவர்தம் நினைவிலேயே தங்கியுள்ளது. கொழும்புக்கோ கடல் கடந்தோ அவர்கள் செல்லும்போது அதுவும் உடன் சென்றுவிடுகின்றது. எஞ்சியவர் அதனை முதலிலிருந்து தேடுகின்றனர். புலப்பெயர்வையே வாழ்வாகக் கொண்ட நம் சமூகத்தில், எழுதிவைத்தலே அறிவை ஊரில் இருத்தும் வழியாகும்.

இவ்வழியில் நமக்கு முன்னோடி ஒருவர் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணாக்கர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவர் காலத்து வெளியீடுகளுள் 1867இல் வந்த 'இரண வைத்தியம்' துறூயிற் என்பாரின் ஆங்கிலக் கைந்நூலைத் தழுவியது. நோயாளியின் அருகில் நிற்பவனுக்கு உதவுவதே அத்தகைய நூலின் நோக்கம். 1875இல் வெளியான இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' எனப் பெயரிட அவர் தயங்கவில்லை. கலைச்சொல்லின் தூய்மையினும் பயன்பாட்டைப் பெரிதாகக் கொண்ட அத்துணிவு மனங்கொளத்தக்கது. அவர்க்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை என்பதும் மறக்கற்பாலதன்று. உத்தியோகத்தின் மொழி ஆங்கிலமாயிருந்த காலத்தில் நூல்கள் மட்டும் ஒரு கல்வி முறையைத் தாங்க இயலாது. எனவே என் நூலும் ஆங்கிலத்தை விலக்குவதன்று. கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். அவற்றை எப்பொழுது, ஏன் பயன்படுத்துவது என்னும் விளக்கம் தமிழில் அமையும்.

ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று கூறுகள் வகுத்துள்ளேன்: செய்யவேண்டியது, அதற்கான காரணம், அது பொருந்தாத இடம். மூன்றாவதே எழுதக் கடினமானது. பெறுமதி மிக்கதும் அதுவே. நம் இலக்கண நூலார் வழுவைச் சுட்டியதோடு அமையாது, காரணம் பற்றி அதனை ஏற்கும் வழுவமைதியையும் கூறினர். செய்நிரலிலும் தற்காலிகமாக ஏற்ற வழுக்கள் பல உள. காரணம் எழுதப்படாவிடின் அடுத்து வருபவர் அதனைத் திருத்தப் புகுந்து இயங்குவதையும் நிறுத்திவிடுவர்.

இத்தகைய நூல் ஒருவரால் நிறைவுறுவதன்று. பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர், தாம் தீர்த்த சிக்கலொன்றையும் ஒரு பக்கத்திற் குறித்து வைப்பாராயின், சில ஆண்டுகளில் நமக்கென ஒரு கைந்நூல் உருவாகிவிடும்.