முன்கட்டும் பின்கட்டும்

வரைபடங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் எனக்கு இளமை முதலே ஒரு விருப்பம் உண்டு. வகுப்பில் பிள்ளைகள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் வேளையில், சுவரில் தொங்கும் உலகப் படத்தின்முன் நின்றுவிடுவேன். அவ்விருப்பமே சில ஆண்டுகளுக்குமுன் பெர்லின் நகரில் என்னை ஒரு மனிதரிடம் கொண்டு சேர்த்தது. அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

பெர்லினில் மேற்படிப்புப் படித்துவந்த என் பழைய மாணவர் ஒருவர் பிரன்ஸ்லவர் பெர்க் என்னும் பகுதியில் தங்கியிருந்தார். தெருவில் நின்று பார்த்தால் ஐந்து மாடி மாளிகை. பூவேலைப்பாடு அமைந்த பலகணிகள். அவர் அறையோ அங்கில்லை. வாயில் வளைவைக் கடந்தால் ஒரு முற்றம். அதற்கப்பால் மற்றொரு வளைவு, மற்றொரு முற்றம். அதன் மூலையில் படிக்கட்டு. நம் முன்னோர் தம் வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்றார்களே, அதுவேதான். ஆனால் மாடிமேல் மாடியாக எழுந்தது.

"ஐயா, இந்த முற்றத்தில் வெயில் நண்பகலில் மட்டும் எட்டிப் பார்க்கும், குளிர்காலத்தில் அதுவும் இல்லை" என்றார் மாணவர். இத்தெருக்களை வகுத்தவர் யார் என்று கேட்டேன். ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்னும் பெயரை அன்றுதான் முதன்முதல் அறிந்தேன்.

ஹோப்ரெக்ட் 1825ஆம் ஆண்டில் மேமல் என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். அவ்வூர் இன்று லித்துவேனியாவில் கிளைப்பேடா என வழங்குகிறது. அவர் பொறியாளர், பிரஷ்ய அரசின் அதிகாரி. பெர்லினைச் சுற்றியிருந்த வயல்வெளிகளுக்குத் தெருத்திட்டம் வகுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்துகூட நிரம்பவில்லை. நகரமைப்பு அந்நாளில் அங்கே காவல் துறையின் கையில் இருந்தது என்பது நமக்கு வியப்பாகத் தோன்றும்! 1862இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்தரை இலட்சம். 1877இல் பத்து இலட்சம். பிரன்ஸ்லவர் பெர்க் அவர் இட்ட கோடுகளின்மேல் எழுந்த பகுதி.

1868இல் பொதுச் சுகாதாரம் குறித்து அவர் ஒரு சிறுநூல் எழுதினார். செல்வரையும் ஏழையரையும் தனித்தனிப் பகுதிகளில் குடியமர்த்தும் இங்கிலாந்து முறையை அவர் விரும்பவில்லை. முதல் மாடியில் வணிகர், நிலவறையில் தொழிலாளி, பின்கட்டில் படுக்கையில் கிடக்கும் மூதாட்டி; எல்லாருக்கும் ஒரே நடைவழி. இலவசப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் அவ்வழியே வெளியேறுவர். நோயுற்றவருக்கு மேல்வீட்டிலிருந்து சூப்பு வரும். பழைய உடை வரும். இப்படிக் கனவு கண்டார் அந்த அதிகாரி.

நடந்தது வேறு. அவர் திட்டம் தெருக்களையும் சதுக்கங்களையும் மட்டுமே வரையறுத்தது. மனைக்குள் என்ன கட்டலாம் என்பதை 1853ஆம் ஆண்டுக் கட்டட விதி முடிவு செய்தது. முற்றத்தின் நீளமும் அகலமும் 5.34 மீட்டர் இருந்தால் போதும் என்றது அவ்விதி. அந்த அளவு எங்கிருந்து வந்தது தெரியுமா? தீயணைக்கும் வண்டி திரும்புவதற்கு வேண்டிய இடம் அது. ஒரு குழந்தை ஓடி விளையாட எவ்வளவு இடம் வேண்டும் என்று எவரும் அளக்கவில்லை. மனை வணிகருக்கு அது வாய்ப்பாயிற்று. ஆக்கர் தெருவில் 1870களில் எழுந்த மையர்ஸ் ஹோஃப் என்னும் குடியிருப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு முற்றங்கள். அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வரை வாழ்ந்தனர். போருக்குப்பின் எஞ்சியிருந்த பகுதி 1972இல் தகர்க்கப்பட்டது.

வெர்னர் ஹேகமன் 1930இல் வெளியிட்ட 'கல்லாலான பெர்லின்' என்னும் நூல் ஹோப்ரெக்ட்டைக் கடுமையாகச் சாடியது. பழி முழுவதும் அவருக்கு உரியதன்று என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும் அவரை முற்றும் விடுவிக்க மனம் ஒப்பவில்லை. அவர் கனவில் சூப்பு வருகிறது, வாடகை வரவில்லை. மூதாட்டியின் மகள் தைத்தும் துடைத்தும் ஈட்டிய கூலியில் எவ்வளவு வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தது? கொடுக்கும் கை மேலேயும் வாங்கும் கை கீழேயும் நிலைத்துவிட்ட வீட்டை அவர் ஒற்றுமை என்று கருதிவிட்டார்.

எனினும் அக்கனவு ஓரளவு பலித்த மூலையும் அதே பகுதியில் உண்டு. 1891 முதல் அங்கு ஒரு சதுக்கத்தின் அருகே கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவர் வாழ்ந்து, ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் செய்தார். அவரை நாடி வந்த பெண்களின் துயரை அவர் மனைவி கேத்தே கோல்விட்ஸ் கேட்டார், வரைந்தார். அவ்வோவியங்களை உலகம் அறியும். சதுக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெண்களுக்கு அங்கே கிடைத்தது சூப்பு அன்று, செவி.

ஹோப்ரெக்ட்டின் பெருமையைக் காண வேண்டுமானால் தெருவுக்கு அடியில் பார்க்க வேண்டும். ஸ்டெட்டின் நகரில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர், தெருவோரச் சாக்கடைகளில் கழிவு தேங்கி நாறிய பெர்லினை 12 பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் நிலத்தடிக் கால்வாய்களும் நீரேற்று நிலையமும் அமைத்து, கழிவுநீரை நகருக்கு வெளியே வயல்களில் பாய்ச்சினார். 1873இல் தொடங்கிய வேலை, 1902இல் அவர் மறைந்த பின்னரே முற்றுப்பெற்றது. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் அதில் வேறுபாடு இல்லை!

போரில் தப்பிய அப்பகுதி வீடுகள் கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் சுண்ணம் உதிர்ந்து கிடந்தன. 1990க்குப் பின் புதுப்பிக்கப்பட்டன. வாடகையும் ஏறிற்று. அடுத்த ஆண்டு நகரின் விளிம்பில் வேறு அறை தேட வேண்டும் என்றார் மாணவர். பின்கட்டில் குடியிருக்கவும் இனிச் செல்வராக இருக்க வேண்டும் போலும்.

விடைபெறும் நாளில் அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். இரண்டாம் முற்றத்தைக் காலடியால் அளந்தவாறே நான் பின்தொடர்ந்தேன். எட்டாவது அடியில் வளைவு வந்துவிட்டது.