பனிக்கூழும் அரைத் தேக்கரண்டிச் சர்க்கரையும்

தொடக்கநிலை நான்கு மாணவர்களுக்காகப் ‘பனிக்கூழ்’ என்னும் சொல்லைப் பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, “ஆடி மாதம் கோயிலில் ஊற்றும் கூழைக் குளிர வைத்தால் இதுவா, டீச்சர்?” என்று வினவினாள். வகுப்பே சிரித்தது. எனக்கோ அதனை வீட்டில் செய்து பார்க்கும் ஆவல் பிறந்தது. ஆர்ச்சர்ட் சாலையில் வண்டிக்காரர் ரொட்டியில் மடித்துத் தரும் பனிக்கூழுக்காக ஏங்கும் மகன் எனக்கும் உண்டு.

கடந்த ஜூன் விடுமுறையில் தேக்கா சந்தையில் மாம்பழம் வாங்கினோம். அரை லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, இரண்டு பழங்களை மசித்துக் கலந்தோம். (பச்சை முட்டை சேர்க்கும் செய்முறைகளும் உண்டு, பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.) உடல்நலம் கருதிச் சர்க்கரையை அறவே தவிர்த்தேன். மறுநாள் அது கல்லாகிக் கிடந்தது. கரண்டிதான் வளைந்தது!

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. உறைநிலையைத் தாழ்த்திப் பனிக்கூழுக்கு மென்மை தருவதும் அதுவே. மேலும், குளிரில் நாவின் இனிப்புணர்வு மங்கும். ஆதலால் கூடுதலாக இட நேர்கிறது. உருகிய பனிக்கூழைச் சுவைத்தால் திகட்டுவது இதனால்தான்.

இரண்டாம் முறை என் மகனே நான்கு தேக்கரண்டி அளந்து போட்டான். அரைமணிக்கொருமுறை முள்கரண்டியால் கிளறிப் பனித்துகள்களை உடைத்தோம். எட்டுக் கிண்ணங்கள் வந்தன. “ஆளுக்கு அரைத் தேக்கரண்டிதான் அம்மா!” என்று வகுத்துச் சொன்னான். செயற்கை நிறமும் இல்லை. நானும் பெருமிதத்துடன், “இது உடம்புக்கு நல்லது” என்று சொல்லிவிட்டேன்.

அச்சொல்லை நம்பி அவன் பாட்டிக்கு இரண்டு கிண்ணம் கொடுத்தான். என் மாமியார் நெடுநாள் நீரிழிவுக்காரர். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்தபோது, வழக்கத்தைவிட மிகவும் ஏறியிருந்தது. அவர், “பேரன் செய்ததுதானே” என்று சிரித்தார். அவன் முகம் வாடிவிட்டது. பிழை அவனுடையதன்று.

நூறு கிராம் மாம்பழத்தில் ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை உண்டு. பாலிலும் இயற்கைச் சர்க்கரை உண்டு. சுண்டச் சுண்ட அது செறிவாகும். கரண்டியால் போட்டதை மட்டுமே நாங்கள் எண்ணியிருந்தோம். சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. 2022 இறுதியில், அடைத்து விற்கும் பானங்களுக்கு ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரக்குறியீடும் வந்தது. வீட்டுக் கிண்ணத்திற்கு யார் குறியிடுவார்? நாம்தான் இடவேண்டும். பெற்றோர்களே, வீட்டில் செய்வதால் கிடைக்கும் நன்மையாக நான் கண்டது, உள்ளே போவது அனைத்தையும் நாமே எண்ணிப் பார்க்க இயலும் என்பதுதான். எண்ணாவிடில் அந்த நன்மையும் இல்லை.

அடுத்த வாரம் மீண்டும் செய்தோம். பழம், பால், சர்க்கரை அனைத்தின் அளவையும் எழுதி மகன் பெட்டியின்மேல் ஒட்டினான். பாட்டிக்கென ஒரு சிறு கிண்ணத்தைத் தனியே எடுத்து, ‘மூன்று கரண்டி மட்டும்’ என்று குறித்திருந்தான். அவன் எழுதிய ‘சர்கரை’யில் விடுபட்ட ஒற்றை மட்டும் நான் சேர்த்தேன்.