பூசை காண்பதும் பங்கேற்பதும்

என் சிறுவயதில் ஊர்ப் பெரியவர்கள் எங்களைப் பார்த்து, "பூசை கண்டாயா?" என்றே கேட்பார்கள். அச்சொல்லுக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருந்தது. முன்னாளில் குருவானவர் பீடத்தை நோக்கி நின்று இலத்தீன் மொழியில் பலி நிறைவேற்றுவார். மக்கள் தத்தம் இடத்தில் செபமாலை சொல்லிக் கொண்டிருப்பார்கள். மணியோசை கேட்டதும் தலைநிமிர்ந்து, உயர்த்தப்பெற்ற நற்கருணையைக் கண்டு வணங்குவார்கள். அவர்களது பக்தியில் குறையேதும் இல்லை. ஆயினும், பலியில் அவர்களுக்கிருந்த பங்கு பெரும்பாலும் கண்களின் பங்காகவே நின்றுவிட்டது.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் இந்நிலையை மாற்றியது. இறைமக்கள் பலியில் வாய்பேசாப் பார்வையாளராக இருத்தலாகாது. உணர்ந்து, முழுமையாக, செயலூக்கத்தோடு பங்கேற்க வேண்டும். அது திருமுழுக்கினால் அவர்களுக்குக் கிடைத்த உரிமையும் கடமையுமாகும் என்று சங்கம் கற்பித்தது. தாய்மொழி பீடத்தில் ஒலித்தது. "பூசை கண்டோம்" என்றவர்கள் "திருப்பலியில் பங்கேற்றோம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் கோவில் கதவுகளை அடைத்தபோது, தொலைக்காட்சியும் கைப்பேசியும் திருப்பலியை இல்லங்களுக்குக் கொண்டுவந்தன. அது அக்காலத்தின் பெரும் ஆறுதல். கதவுகள் திறந்த பின்பும் திரை நம்மோடு தங்கிவிட்டது. நடமாட இயலாதோர்க்கு அது நன்மையே. ஆனால், "அவர்களுக்குத்தான் தொலைக்காட்சிப் பூசை இருக்கிறதே" என்று நாம் நிறைவடைந்துவிட்டால், பழைய காணுதலுக்கே அவர்களைத் திருப்பி அனுப்பியவர்கள் ஆவோம்.

ஒரு முதல் வெள்ளியன்று, படுக்கையிலிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றேன். நாள்தோறும் தொலைக்காட்சியில் பூசை பார்ப்பவர் அவர். "டி.வி.யில சாமியார நான் பாக்குறேன். அவரு என்னப் பாக்கலையே, சாமி" என்றார். முறையிடும் குரல் அன்று. உள்ளதை உள்ளபடி சொன்னார். நற்கருணை உட்கொண்டபின் சற்றுநேரம் கண்மூடியிருந்தார். பிறகு, பங்கில் யாருக்கெல்லாம் உடல்நலம் இல்லை என்று கேட்டார். நான் சொன்ன ஒவ்வொருவர் பெயரையும் திரும்பச் சொல்லி, அவர்களுக்காக வாய்விட்டு மன்றாடினார். பீடத்தருகே வர இயலாத அவர், அப்பொழுது முழுமையாகப் பங்கேற்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இது புதிய சிந்தனை அன்று. கி.பி. 155ஆம் ஆண்டளவில் மறைசாட்சி புனித யுஸ்தீன், உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகின்றனர், இறைவாக்கு வாசிக்கப்படுகிறது, தலைவர் அறிவுரை கூறுகிறார், அனைவரும் எழுந்து மன்றாடுகின்றனர், அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கப்படுகின்றன. அத்துடன் அவர் நிறுத்தவில்லை. வர இயலாதோர்க்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டு செல்கின்றனர் என்றும், வசதியுள்ளோர் தரும் காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோர்க்கும் உதவுகிறது என்றும் கூறுகிறார். வராதவரையும் எண்ணிப் பார்த்த பிறகே அவர்களின் வழிபாடு நிறைவுற்றது.

ஒரே குருவானவர் எல்லா இல்லங்களுக்கும் ஞாயிறுதோறும் செல்ல இயலாது. பொதுநிலையினரும் நற்கருணையை வழங்கத் திருச்சபை 1973இல் வழிவகுத்தது. இன்று எங்கள் பங்கில், நற்கருணைக்குப் பின் பணியாளர்கள் பீடத்தண்டையில் சிமிழைப் பெற்று, மக்கள் அனைவரின் முன்னிலையில் புறப்படுகிறார்கள். யார் வீட்டுக்குச் செல்கிறார்கள் என்பது அறிவிக்கப்படுகிறது. அவர்களோடு அண்டை வீட்டார் சிலரும் செல்கிறார்கள். தொடக்கத்தில் ஒருவர் இருவரே முன்வந்தனர். இன்றும் ஆட்கள் போதவில்லை.

'வழிபடுதல்' என்னும் நம் சொல்லுக்குப் பின்செல்லுதல் என்றும் பொருளுண்டு. நோயாளரின் இல்லங்களைத் தேடிச்சென்ற ஆண்டவரை வழிபடுவோர், அவர் சென்ற வழியே செல்லவேண்டாமா? "சென்று வாருங்கள்" என்று குருவானவர் விடைகொடுக்கும் சொல்லிலிருந்தே 'மிஸ்ஸா' என்னும் இலத்தீன் பெயர் திருப்பலிக்கு வந்தது. வரும் ஞாயிறன்று அச்சொல்லைக் கேட்கையில், உங்கள் தெருவில் கோவிலுக்கு வர இயலாதவர் யாரென்று எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உங்கள் வீட்டிற்குச் செல்லுங்கள்.