போவன்பள்ளியில் ஓய்வு கொள்ளும் படகு

செகந்திராபாத் ரயில் நிலையத்திற்கு வடமேற்கே, நாகபுரி செல்லும் பெருவழியை ஒட்டி அமைந்துள்ளது போவன்பள்ளி. காய்கறிச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். 1806-இல் செகந்திராபாத்தில் படைமுகாம் நிலைபெற்றது முதல், படையைத் தொடர்ந்தும், பின்னர் ரயில்வேயைத் தொடர்ந்தும் தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வட்டாரத்தில் வந்து குடியேறின. கடலோ இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் உள்ளது. அத்தகைய ஊரிலிருந்து மோட்டார் படகைப் பற்றி நாம் எழுதப் புகுவது அன்பர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஐதராபாத் ஏரிகளால் ஆன நகரம் என்பதை மறத்தலாகாது.

பழைய போவன்பள்ளியிலேயே போயின் செருவு என்னும் ஹஸ்மத்பேட்டை ஏரி உள்ளது. படைமுகாம் பகுதியின் மழைநீரைச் சுமந்து செல்லும் பிக்கெட் நாலா, ஹுசேன் சாகரில் கலக்கிறது. 1562-ஆம் ஆண்டளவில் இப்ராஹிம் குதுப் ஷா காலத்தில் அமைந்த அப்பேரேரியில், ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில், பருவக் காற்றை நம்பிப் பாய்மரப் படகுப் போட்டிகள் நடைபெறுகின்றன. போட்டியாளர் கவிழ்ந்தால் தூக்கிவிடுவதற்கென, காற்றடைத்த சிறு மோட்டார் படகுகள் அவர்களைப் பின்தொடர்ந்து செல்லும்.

இதே வகைப் படகுகளுக்கு வேறொரு கடமையும் உண்டு. 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதி பெருகி இந்நகரை அழித்ததை யாவரும் அறிவர். அதன் விளைவாகவே உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் கட்டப்பெற்றன. எனினும் 2000 ஆகஸ்டிலும் 2020 அக்டோபரிலும் பெய்த பெருமழைகளில் தாழ்வான குடியிருப்புகள் மீண்டும் மூழ்கின. 2020-இல் இராணுவத்தினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தெருக்களில் படகு செலுத்தி மக்களை மீட்டனர்.

போவன்பள்ளியில் வாழும் வேலூர்ப் பெரியவர் ஒருவர், இராணுவப் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நண்பர் சிலருடன் சேர்ந்து வாங்கிய சிறிய ரப்பர் படகு ஒன்றைத் தம் வீட்டுக் கொல்லையில் பேணி வருகிறார். சென்ற நவம்பரில் அவர் இல்லத்திற்கு நாம் சென்றபோது, படகை ஓய்விற்கு அனுப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது. "ஐயா, மழைதான் நின்றுவிட்டதே, இனி என்ன அவசரம்?" என்று வினவினோம். "தம்பி, மழை நின்ற பிறகுதான் படகுக்கு வேலை அதிகம்" என்றார்.

அவர் அவ்வாறு கூறியதற்குக் காரணம் உண்டு. 2020 வெள்ளத்தின்போது, நகரின் வேறொரு பகுதியில் அவருடைய உறவினர் குடும்பம் மொட்டை மாடியில் அகப்பட்டுக்கொண்டது. இன்சுலின் ஊசி தேவைப்பட்ட மூதாட்டி ஒருவரும் அவர்களுடன் இருந்தார். அக்கம்பக்கத்தார் எங்கிருந்தோ படகு ஒன்றைக் கொணர்ந்தனர். கயிற்றை எத்தனை முறை இழுத்தும் மோட்டார் உயிர் பெறவில்லை. துடுப்பால் தள்ளிப் பார்த்தும் தெருவின் நீரோட்டம் இடம் கொடுக்கவில்லை. பொழுது விடிந்து வேறு படகு வந்த பின்னரே மூதாட்டி இறக்கப்பட்டார். நல்லவேளையாக உயிர் பிழைத்தார். பின்னர் பெரியவர் அம்மோட்டாரைப் பிரித்துப் பார்த்தபோது, மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாக உறைந்திருந்ததாம். அதற்கு முந்தைய கோடையிலேயே அம்மோட்டார் கெட்டுவிட்டது. அதை எவரும் அறியவில்லை.

ஆதலின் அவர் செய்யும் முறையை நம் அன்பர்களுக்காக இங்கே தருகிறோம்.

முதலில் படகு. ஒகேனக்கல் பரிசலுக்குத் தோல் எப்படியோ, இப்படகிற்கு ரப்பர் பூசிய துணி அப்படி. அதன் குழாய்கள் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளமையால், ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை மிதக்கும். ஏரி நீரும் வெள்ள நீரும் சாக்கடை கலந்தவை. ஆகவே நல்ல நீராலும் மென்மையான சோப்பாலும் கழுவுதல் வேண்டும். பெட்ரோலோ தின்னரோ தொடவே கூடாது. அவை துணியையும் ஒட்டையும் அரித்துவிடும். பின்பலகையின் இடுக்குகளில் புகுந்த மணலையும் கண்ணாடித் துகளையும் நீக்க வேண்டும். இல்லையேல் மடித்து வைத்த இடத்திலேயே அவை துணியை அறுக்கும்.

அடுத்து, காற்றடித்து, மூட்டுகளிலும் வால்வுகளிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று நோக்குவர். சைக்கிள் பங்சர் பார்ப்பது போன்றதே இது. இரவுக் குளிரில் காற்று சுருங்கிக் குழாய் சிறிது தளர்வது இயல்பு. அதனை ஓட்டை என்று மயங்கற்க. பிறகு நிழலில் நன்கு உலர்த்தி, டால்க் பவுடர் தூவி, அழுத்தி மடிக்காமல் தளரச் சுருட்டிப் பையிலிட்டுப் பரண்மேல் வைப்பர். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்; தரையில் வைத்தால் பெருச்சாளி பல் பதிக்கும்.

மோட்டாருக்குப் பணி சற்றுக் கூடுதல். பெரிய பீப்பாயில் நல்ல நீர் நிரப்பி, அதில் மோட்டாரை இறக்கி ஓட்டினால் உட்குழாய்களின் சேறு கழுவப்படும். நீரின்றி ஓட்டுவது தவறு. குளிர்விக்கும் பம்பின் ரப்பர் விசிறி உடனே கருகும். இறுதியில் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவர். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை ஈர்க்கும். தொட்டியில் மிச்சம் வைப்பது முன்னினும் கேடு.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு, மெல்ல இரண்டொரு முறை கயிற்றை இழுப்பர். கியர் ஆயிலை வடித்துப் பார்ப்பர். அது பால் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள், சீலை மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் நீர் முழுவதும் வடியுமாறு மோட்டாரை நிமிர்த்தியே நிறுத்தி வைப்பர்.

குளிர்நாடுகளில் இவ்வேலைகளுக்குக் காரணம் பனி. கியர் பெட்டியில் தங்கிய நீர் உறைந்து விரிந்து உலோகத்தையே பிளந்துவிடும். நம் ஊரில் அந்த அச்சம் இல்லை. இங்குப் பகை வெயிலே. குளிர்காலத்தில் உள்ளே வைக்கப்படும் படகு, 40 டிகிரியைத் தாண்டும் ஏப்ரல், மே மாதங்களையும் கடந்தாக வேண்டும். தகரக் கூரையின் கீழ் வைத்தால் ஒட்டு இளகும். வெயிலில் காற்றடைத்து விட்டால் காற்று விரிந்து குழாய் வெடிக்கவும் கூடும். ஆகையால் நிழலான, காற்றோட்டமுள்ள அறையே உகந்தது.

தெலங்கானா மக்கள் ஜூன் 8-ஆம் நாளையொட்டி வரும் மிருகசீரிஷக் கார்த்தியை மழைக்காலத் தொடக்கமாகக் கொண்டு, அன்று மீன் உண்பர். அந்நாளுக்கு இரு வாரங்கள் முன்பே பெரியவர் பையைப் பிரித்துக் காற்றடித்து ஓர் இரவு வைத்துப் பார்ப்பார். புதிய பெட்ரோல் இட்டு மோட்டாரைப் பீப்பாயில் ஓட்டிப் பார்ப்பார். மிதவைச் சட்டைகளின் தையலையும் வாரையும் இழுத்துச் சோதிப்பார்.

நம்முள் பெரும்பாலோர் படகு வாங்கப் போவதில்லை. ஆயினும் ஏரிக்கரைகளிலும் நாலாக்களின் அருகிலும் நம் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தத்தம் குடியிருப்பிற்கு அருகில் மீட்புப் படகு எங்குள்ளது, சென்ற மழைக்குப் பின் அதனைப் பேணியவர் யார் என்று மே மாதத்திலேயே கேட்டறிந்து வைத்தல் நலம்.