அட்டனிலிருந்து புறப்பட்ட கோச்சி

மலைநாட்டுத் தோட்டங்களிலே ரயிலுக்குக் 'கோச்சி' என்று பெயர். காப்பியை நம்பி மலையேறத் தொடங்கிய இருப்புப்பாதை, 1884-இல் அட்டனை எட்டியபோது காப்பி இலைநோயால் அழிந்துகொண்டிருந்தது. கொழும்புக்கு இறங்கியவை பெரும்பாலும் தேயிலைப் பெட்டிகள். மறு ஆண்டு பாதை நானுஓயாவை அடைந்தது. தோட்டத்துக்கு அரிசி ஏறி வந்ததும் இவ்வழியேதான்.

எனினும், அந்த மேடையை எண்ணுந்தோறும் மலையகத்துப் பெரியவர்களின் நெஞ்சில் எழுவது வேறொரு காட்சி. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றது. ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணன் அந்நாட்டவன், தம்பி இந்நாட்டவன்! தலைமன்னாருக்குச் சென்று கப்பலேற வேண்டியவர்கள் தகரப்பெட்டியும் பாய்ச்சுருளுமாக நிலையத்துக்கு வந்தனர். வழியனுப்ப வந்தவர் கூட்டமோ பெரிது. பெட்டிகளை ஏற்றுவது எளிது. சன்னல் வழியே பற்றிய கையை விடுவிப்பது எளிதா? வண்டி அசைந்ததும் எழுந்த அழுகையால் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பெயரிட்டவர் யாராயினும், மிகையாகச் சொல்லவில்லை.

சென்றவரைக் காண இருந்தவருக்கு எஞ்சியிருந்ததும் அதே தலைமன்னார் வழி. உள்நாட்டுப் போர் மூண்டபின், 1984-இல் அந்தக் கப்பலும் நின்றது.